பாசி தின்னி மீன் பட்டினி கிடக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு மாறிய பிறகு, முன்கூடத்தில் ஒரு மீன் தொட்டி வைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டடித் தொட்டி, பத்துப் பதினைந்து வண்ண மீன்கள், அடியில் கறுப்பாகப் பிளெக்கோ என்னும் பாசி தின்னி மீன் ஒன்று. "இதில் ஒன்று போடுங்க, கண்ணாடியைச் சுத்தமா வச்சுக்கும்" என்று கடையில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மலாயில் அதற்கு ஈக்கான் பண்டாராயா என்று பெயர், அதாவது மாநகராட்சி மீன். அந்தப் பெயரே அதன் வயிற்றில் அடிக்கிறது. குப்பை பொறுக்கும் மீன் என்று நினைத்துவிட்டால் அதற்கு யார் சாப்பாடு போடுவார்கள்?

பல வருடமாக அக்கம்பக்கத்து வீடுகளில் இந்தத் தொட்டிகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். "அண்ணே, பண்டாராயா செத்துப் போச்சு, ஏன்னு தெரியல" என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் நான் கண்ட காரணம் பசிதான். மற்ற மீன்களின் கழிவை எந்தப் பாசி தின்னியும் தின்று வாழ்வதில்லை. இரண்டடிக் கண்ணாடியில் வளரும் பாசியை ஒரு கையளவு பிளெக்கோ சில நாளில் வழித்துவிடும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: நேற்றிரவு அதற்கென்று என்ன போட்டீர்கள்?

தொடங்கும் முன்: உங்களிடம் இருப்பது எந்த மீன்?

கடையில் எல்லாவற்றையும் பாசி தின்னி என்றே விற்கிறார்கள். ஆனால் சாப்பாடு ஒன்றல்ல.

உடம்பு முழுக்கக் கவசம் போலத் தகடும், முதுகில் பாய்மரம் போல உயர்ந்த துடுப்பும் இருந்தால் அது சாதாரணப் பிளெக்கோ. வாங்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் 40 செ.மீ. தாண்டும். மூக்கில் மீசை போல மென்மையான இழைகள் முளைத்தால் அது பிரிசில்நோஸ் பிளெக்கோ. அது 12 முதல் 15 செ.மீ. அளவில் நின்றுவிடும், வீட்டுத் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். நான்கு செ.மீ.கூட இல்லாமல் இலையில் ஒட்டிக்கொண்டிருப்பது ஓட்டோ. பக்கவாட்டில் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடினால் சயாமியப் பாசி தின்னி. மெலிந்த உடம்பு, உறிஞ்சும் வாய், பெரும்பாலும் பொன்னிறத்தில் விற்பது என்றால் சீனப் பாசி தின்னி. இந்தக் கடைசி மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிகுறி: வயிறு உள்ளே ஒட்டிப் போயிருக்கிறது

மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றுப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். அப்போது பாருங்கள். வயிறு சமமாகவோ லேசாகப் புடைத்தோ இருந்தால் நல்லது. ஓட்டோவுக்கு அரைப் பட்டாணியை விழுங்கியது போல உருண்டிருக்க வேண்டும். வாய்க்குப் பின்னால் குழி விழுந்திருந்தால் பசி. மேலிருந்து பார்க்கும்போது தலை பெரிதாகவும் பின்பக்கம் குச்சியாகவும் தெரிந்தால் பசி முற்றிவிட்டது. கண்ணும் உள்ளே போயிருந்தால் இன்றிரவே தொடங்க வேண்டும், நாளை வரை தள்ளாதீர்கள்.

*எதுவுமே போடவில்லையா?* அப்படியென்றால் இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு பாசி வில்லை ஒன்றில் பாதி போடுங்கள். கடையில் வேஃபர் என்று கேட்டால் கொடுப்பார்கள், தண்ணீரில் மூழ்கும் வகை. பட்டினி கிடந்த மீனுக்கு முதல் நாளே நிறையப் போட்டால் அதுவும் தாங்காது, தண்ணீரும் தாங்காது. மூன்று நாள் அரை வில்லை, பிறகு ஒரு வில்லை, வாரத்தில் மூன்று இரவு காய்கறி. ஒரு வாரத்தில் குழி மேலே வரத் தொடங்க வேண்டும்.

*போடுகிறீர்கள், ஆனால் மெலிகிறது. சாப்பிடுவது யார்?* விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, டார்ச் விளக்கை விரலால் பாதி மூடிக்கொண்டு மெதுவாகப் பாருங்கள். தங்கமீனும் பார்ப் மீனும் வில்லையைச் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிளெக்கோ கல்லுக்குப் பின்னால் காத்திருக்கும். சண்டை போடாது. சண்டை போடாத மீன் தான் முதலில் மெலியும்.

இதற்குச் செலவே இல்லாத தீர்வு உண்டு. மற்ற மீன்களுக்கு ஒரு மூலையில் வழக்கமான தீவனத்தைப் போட்டு வயிறு நிறையச் செய்யுங்கள். விளக்கை அணையுங்கள். பத்து நிமிடம் கழித்து எதிர் மூலையில், பிளெக்கோ ஒளியும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வில்லையைப் போடுங்கள். அப்படியும் திருடு போனால் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நார் போகச் சுரண்டி, சாயம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை கொதிக்க வைத்து, பாதி வாசல் போல் உடைத்துக் கவிழ்த்து வையுங்கள். வில்லையை அதற்குள் தள்ளிவிடுங்கள். பெரிய மீன் தலையை நுழைக்காது. பிளெக்கோவுக்கு அது வீடும் சமையலறையும்.

*வெள்ளரிக்காய் மட்டுமே போடுகிறீர்களா?* நல்ல மனத்தோடு செய்யும் தவறு இது. தினமும் வெள்ளரி போடுவேன், ஆசையாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் மெலிகிறதே என்று ஒரு பாட்டி வருத்தப்பட்டார். வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். வாய் அசையும், வயிறு நிறையாது. வெள்ளரியை வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் ஸ்பைருலினா கலந்த பாசி வில்லை, வேகவைத்த மஞ்சள் பூசணி, கீரை என்று மாற்றுங்கள்.

*வில்லை பழசா?* நம் ஊர் ஈரக் காற்றில் டப்பா திறந்த நாளிலிருந்தே வில்லை கெட ஆரம்பிக்கும். நுனியில் வெள்ளைப் பூஞ்சை, புளித்த வாடை, தொட்டால் நொறுங்காமல் நசுங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். பெரிய டப்பா மலிவு என்று வாங்காதீர்கள். ஒரு மீனுக்குச் சிறிய பாக்கெட் போதும். வாங்கும்போது பின்பக்கம் சேர்மானத்தைப் படியுங்கள். முதலில் ஸ்பைருலினாவோ வேறு பாசியோ கீரையோ வருவது நல்லது. மீன்தூள் முதலில் வந்தால் அது பிளெக்கோவுக்குப் பண்டிகைச் சாப்பாடு, அன்றாடச் சோறு அல்ல.

*ஓட்டோவா? புதுத் தொட்டியா?* இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டோ தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வரும் மீன். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அங்கே பிடிக்கப்பட்டவை. பிடித்த இடத்திலிருந்து நம் கைக்கு வரும்வரை பல நாள் பட்டினி. வில்லை என்றால் சாப்பாடு என்று அதற்குத் தெரியாது. அது தேடுவது கல்லிலும் இலையிலும் படியும் மெல்லிய வழுவழுப்பை. நேற்று கழுவி இன்று தண்ணீர் ஊற்றிய தொட்டியில் அது இருக்காது. அதனால் தொட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் ஆகாமல் ஓட்டோ வாங்காதீர்கள். வாங்கினால் ஆறு மீனாவது சேர்த்து வாங்குங்கள், தனியாக விட்டால் ஒளிந்தே இருக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், வயிறு ஒட்டுகிறது என்றால் கல்லில் பாசி வளர்த்துக் கொடுங்கள். கைப்பிடி அளவு வழவழப்பான ஆற்றுக் கல் எட்டுப் பத்து எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டு வெயிலில் வையுங்கள். நம் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் பச்சை படியும். இரண்டு கல்லைத் தொட்டியில் வையுங்கள், அவை வெளுத்ததும் வாளிக் கல்லோடு மாற்றுங்கள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் பொறுக்கிய கல் வேண்டாம், தண்ணீரைக் கடினமாக்கும். சந்தேகமிருந்தால் கல்லில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். செம்பனைக் காட்டு வடிகாலில் கிடக்கும் கல்லும் வேண்டாம், அங்கே களைக்கொல்லி ஓடியிருக்கும்.

அந்த வாளி விஷயத்தில் கவனமாக இருங்கள். தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். வாளி வாயில் கொசுவலைத் துணியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள், நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். மீனைக் காப்பாற்றப் போய்த் தெருவுக்கு டெங்கி கொண்டுவரக் கூடாது. சுகாதார அதிகாரிகள் வந்தால் அபராதமும் உண்டு.

பள்ளித் திடலோரம் உதிர்ந்து கிடக்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் உதவும். மரத்திலிருந்து பறிக்காதீர்கள். தானாக விழுந்து பழுப்பாகக் காய்ந்ததைக் கழுவி ஒன்று போடுங்கள். இலை ஊற ஊற அதன் மேல் படியும் வழுவழுப்பை ஓட்டோ நாள் முழுதும் மேயும். தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம்.

*நன்றாகச் சாப்பிடுகிறது, நீங்களே கண்ணால் பார்த்தீர்கள், இரண்டு வாரம் ஆகியும் குழி நிறையவில்லையா?* கழிவைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ நூல் போல் நீண்டு வந்தால் இயல்பு. வெள்ளையாக, கண்ணாடி போல், உள்ளே எதுவும் இல்லாத நூலாக வந்தால் குடற்புழுவாக இருக்கலாம். இங்கே நிறுத்துங்கள். புழு மருந்தின் அளவு தொட்டியின் லிட்டர் கணக்கைப் பொறுத்தது, தவறினால் மற்ற மீன்களும் போகும். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டிய இடம் இதுதான். மனிதர் விழுங்கும் மாத்திரையை இடித்துப் போடாதீர்கள்.

அறிகுறி: காய்கறி போட்டால் தொடுவதே இல்லை

மீன் வந்து எத்தனை நாள்? ஒரு வாரத்துக்குள் என்றால் காத்திருங்கள். புது இடம், புது வாசனை. தினமும் இரவு போட்டுக் காலையில் எடுத்துக்கொண்டே இருங்கள். காய்கறியே தெரியாத பிளெக்கோ மூன்றாவது நாலாவது இரவில் வந்து முகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மிதக்கிறதா? மிதக்கும் காயைப் பிளெக்கோ தேடி மேலே வராது. வெள்ளரியை ஒரு விரல் கனத்தில் நறுக்கி, துருப்பிடிக்காத எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்குங்கள். கரண்டியே எடை.

பச்சையாகப் போடுகிறீர்களா? வெள்ளரிக்குப் பரவாயில்லை. மற்றவற்றுக்கு வெந்நீர் வேண்டும். பாயாம் கீரை (தண்டுக்கீரை), கங்குங் (வள்ளல் கீரை) இரண்டையும் கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் அமுக்கி உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். மஞ்சள் பூசணித் துண்டைக் கத்தி எளிதாக இறங்கும்வரை வேக வையுங்கள். பட்டாணியை அவித்துத் தோலை உரித்து நசுக்குங்கள். உப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய பூசணியைப் போட்ட வீடும் உண்டு. கழுவினாலும் மசாலா போகாது, வேண்டாம்.

காய் எங்கே வாங்கினது? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கீரையை அப்படியே போடாதீர்கள். பூச்சிமருந்து நம் வயிற்றுக்குத் தாங்கலாம், மீனுக்கும் இறாலுக்கும் தாங்காது. ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வெள்ளரியின் தோலைச் சீவிவிடுங்கள். வீட்டுப் பின்னால் சட்டியில் நட்ட கீரை இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

வெளிச்சத்தில் போடுகிறீர்களா? பிளெக்கோ இரவு மீன். வேலை முடிந்து வந்து ஏழு மணிக்கு விளக்கு எரியும்போது போட்டுவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் தொடவில்லை, வயிறு நிரம்பியே இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். தொட்டியில் பாசி இருக்கிறது, அது சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வயிறும் ஒட்டி, சாப்பாட்டையும் தொடாமல், பகலில் திறந்த வெளியில் அசையாமல் கிடந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: சாப்பாடு போடத் தொடங்கியதும் தண்ணீர் கலங்கி நாறுகிறது

மிச்சத்தை எடுத்தீர்களா? நம் தொட்டிகளில் தண்ணீர் 28, 29 பாகை. இரவு போட்ட காய் மறுநாள் மதியத்துக்குள் குழைந்துவிடும். காலையில் பல் துலக்கும் முன் அதை எடுப்பதைப் பழக்கமாக்குங்கள். வில்லை மிச்சம் பஞ்சாகக் கிடந்தால் குழாய் வைத்து உறிஞ்சுங்கள்.

அளவு கூடியதா? பத்து செ.மீ. பிளெக்கோவுக்கு ஓர் இரவுக்கு ஒரு வில்லை. காலையில் கால்வாசி மிஞ்சினால் அடுத்த நாள் முக்கால் போடுங்கள். அளவை மீனே சொல்லும்.

பில்டர் பஞ்சை எப்போது அலசினீர்கள்? தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலச வேண்டும். பைப் தண்ணீரில் பிழிந்தால் குளோரின் பட்டு, கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் செத்துப்போகும், தண்ணீர் இன்னும் மோசமாகும்.

இவ்வளவும் செய்து இரண்டு நாளில் தெளியவில்லை என்றால் அம்மோனியா சோதிக்க வேண்டும். சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி வாங்கலாம், அல்லது ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போகலாம். பல கடைகளில் சோதித்துக் கொடுப்பார்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நைட்ரைட் என்ற இரண்டு நஞ்சும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பாட்டை இரண்டு நாள் நிறுத்தி, தினம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரில் குளோரின் முறிக்கும் மருந்து விடாமல் ஊற்றாதீர்கள். தண்ணீர்த் தடைக்குப் பிறகு வரும் முதல் தண்ணீரைத் தொட்டிக்கு ஒருபோதும் பிடிக்காதீர்கள். கலங்கலும் வாடையும் போகும்வரை ஓட விடுங்கள்.

அறிகுறி: மற்ற மீன்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது

இரவில் தங்கமீன் திடீரென்று தொட்டி முழுக்க ஓடும், காலையில் அதன் பக்கவாட்டில் வட்டமாகச் செதில் உதிர்ந்திருக்கும். ஒட்டிய மீன் மற்றதன் உடம்பின் மேலுள்ள வழுவழுப்பைச் சுரண்டித் தின்கிறது. சுவை கண்டுவிட்டால் விடுவது கடினம்.

பிளெக்கோ என்றால் முதலில் பசியைத் தீருங்கள். ஒரு வாரம் தவறாமல் இரவுச் சாப்பாடு கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் தங்கமீன் போல மெதுவாக நீந்தும் மீனோடு அதை வைக்கவே கூடாது. பிரித்துவிடுங்கள்.

சீனப் பாசி தின்னி என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். சின்ன வயதில் அது பாசியை ஒழுங்காகத் தின்னும். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களுக்கான தீவனத்துக்கும், பிறகு மற்ற மீன்களின் உடம்புக்கும் போகும். 25 செ.மீ. வரை வளரக்கூடியது, தன் இடத்தில் யாரையும் விடாது. சாப்பாடு போடுவதால் கொஞ்சம் தணியும், குணம் மாறாது. ஒட்டும் பழக்கம் வந்துவிட்டதென்றால் தனித் தொட்டி அல்லது கடைக்குத் திருப்பிக் கொடுப்பது. முடிவெடுக்கத் தாமதித்தால் புண்பட்ட மீனுக்குப் பூஞ்சை பிடிக்கும், மருத்துவச் செலவு பாசி தின்னியின் விலையைவிடப் பல மடங்கு ஆகும்.

அறிகுறி: மீன் இருந்தும் பாசி குறையவில்லை

சாப்பாடு போடுவதால்தான் பாசியைத் தின்னவில்லை என்று இந்த இடத்தில் பலர் வில்லையை நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். எந்தப் பாசி என்று பாருங்கள்.

விரலால் தேய்த்தால் வரும் பழுப்புப் படலம் என்றால் ஓட்டோவும் பிளெக்கோவும் தின்னும். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டிய பச்சைப் புள்ளியை மீன் வாய் பெயர்க்காது, சுரண்டிதான் வழி. மீசை போல் கறுப்பாக முளைப்பதைச் சயாமியப் பாசி தின்னி இளசாக இருக்கும்போது மேயும். நீலப்பச்சையாகத் தோல் போல் உரிந்து, மண்வாடை வீசினால் அதை எந்த மீனும் தொடாது. அது பாசியே அல்ல, பாக்டீரியா. கையால் எடுத்து, தண்ணீர் மாற்ற வேண்டும்.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து இரவு பகலாக எரியவிடும் தொட்டிகளில் பாசிக்குக் கொண்டாட்டம். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் ஒரு திரை போடுங்கள். வில்லை அளவு மிஞ்சினாலும் பாசிக்கு உரமாகும், மேலே சொன்னபடி குறையுங்கள்.

அறிகுறி: செடி இலைகளில் ஓட்டை, நரம்பு மட்டும் மிஞ்சுகிறது

பசித்த பிளெக்கோ அகலமான இலையைச் சுரண்டும். சாப்பாட்டைக் கூட்டுங்கள், தொட்டிக் கடையில் விற்கும் மரக்கட்டை ஒன்று வையுங்கள். அது கட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். வெட்டிப்போட்ட பால்மரக் கட்டையைத் தூக்கிவந்து போடாதீர்கள், பச்சைக் கட்டையும் பாலும் தண்ணீரைக் கெடுக்கும்.

அறிகுறி: மேலே வந்து வாயைத் திறக்கிறது

பிளெக்கோ எப்போதாவது ஒரு முறை விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கினால் அது இயல்பு. அங்கேயே தொங்கி வாயசைத்தால் மூச்சு முட்டுகிறது.

மதியமா? தகரக் கூரை வீடுகளில் மதியம் இரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீர் 31, 32 வரை போகும். சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரையும். மேல்மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்று தண்ணீர் மேல் படும்படி வையுங்கள், ஏர் பம்பைக் கூட்டுங்கள். அந்த நேரத்தில் சாப்பாடு வேண்டாம். ஓட்டோவுக்கு 26 பாகைக்கு மேலேயே சிரமம், அதனால் வெக்கையான வீட்டில் அதை வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

காலையிலா, ராத்திரி மின்சாரம் போனதா? பம்பும் பில்டரும் ஓடுகின்றனவா பாருங்கள். மிச்சச் சாப்பாடு அழுகினாலும் விடியற்காலையில் இப்படித்தான் ஆகும்.

தெருவில் கொசுப் புகை அடித்தார்களா? கொசுமருந்து மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளிவிடும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் பம்பை அணையுங்கள், தொட்டியை ஈரத் துண்டும் அதன் மேல் பிளாஸ்டிக்கும் போட்டு மூடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். புகை அடங்கி வீட்டுக்குள் காற்று மாறியதும் திறந்து பம்பைப் போடுங்கள். அதற்குள் மீன் துடிக்கத் தொடங்கியிருந்தால் பாதித் தண்ணீரை உடனே மாற்றுங்கள்.

அறிகுறி: வயிறு ஊதியிருக்கிறது, கழிவு வரவில்லை

இரண்டு நாள் பட்டினி போடுங்கள். மூன்றாம் நாள் தோலுரித்த பட்டாணி. இறைச்சித் தீவனம், உறைய வைத்த புழு இவற்றைப் பிளெக்கோ ஆசையாகத் தின்னும், அடிக்கடி கொடுத்தால் வரும் தொல்லை இது. ஐந்து நாளில் இறங்கவில்லை, அல்லது சயாமியப் பாசி தின்னியில் செதில்கள் அன்னாசி போல் விரிந்து நிற்கின்றன என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள்.

அறிகுறி: நன்றாகச் சாப்பிட்டது, இப்போது தொட்டி கொள்ளவில்லை

இது பிழையல்ல, ஆனால் மாதம் ஒரு வீட்டிலாவது கேட்கிறார்கள். சாப்பாடு குறைத்தால் வளராது என்று பட்டினி போடுவது மீனுக்குச் செய்யும் கொடுமை. இளைத்து, வளைந்து வளரும். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, பெரிய குளத்தொட்டி வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

ஆற்றில் மட்டும் விடாதீர்கள். பேராக் ஆற்றிலோ வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாயிலோ ஒன்றே ஒன்றுதானே, விட்டால் என்ன என்று நினைக்க வேண்டாம். கிள்ளான், லங்காட் ஆறுகளில் இந்தத் தென் அமெரிக்க மீன் பெருகிக் கிடப்பதற்கு இப்படித் தொட்டியிலிருந்து விட்டதும் ஒரு காரணம். கரையைக் குடைந்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும், உள்ளூர் மீனின் இடத்தைப் பிடிக்கும். இப்போது தன்னார்வலர்கள் வலையோடு ஆற்றில் இறங்கி அதைப் பிடித்து அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போது

தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் பத்துமலை போகிறீர்கள் என்றால், வயிறு நிரம்பிய வளர்ந்த பிளெக்கோ அதைத் தாங்கும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் அள்ளிக் கொட்டிவிடுவான். ஓர் இரவுக்கு ஒரு வில்லை என்று காகிதத்தில் மடித்து, மேலே கிழமை எழுதிக் கொடுங்கள். காய்கறி வேண்டவே வேண்டாம், எடுக்க ஆள் இல்லை.

யாரிடம், எப்போது, என்ன கொண்டு போவது

தண்ணீர்ச் சோதனைக்கும் மீனைத் திருப்பிக் கொடுப்பதற்கும் கடை போதும். இரண்டு வாரம் தின்றும் தேறாத மெலிவு, இறங்காத ஊதல், உடம்பில் புண், ஒரே வாரத்தில் இரண்டுக்கு மேல் சாவு, இந்த நான்குக்கும் மருத்துவர். வெள்ளைப் புள்ளி நோய்க்கு வாங்கும் மருந்தில் செம்பு இருந்தால், தொட்டியில் பிளெக்கோவோ ஓட்டோவோ உண்டு என்று கடைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். உப்பும் செம்பும் அவற்றுக்கு எளிதில் ஒத்துக்கொள்ளாது.

போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: அன்று காலை பிடித்த தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டில், வயிறு தெரியும்படி கண்ணாடி வழியாக எடுத்த படம், கழிவின் படம், வில்லை டப்பா, தொட்டியின் நீளம் அகலம் உயரம். அப்புறம், ஒரு வாரமாக ஒவ்வோர் இரவும் என்ன போட்டீர்கள், காலையில் எவ்வளவு மிஞ்சியது என்று எழுதிய ஒரு தாள். நான் போகும் வீடுகளில் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.